வாடகை மெஷினும் ஒரு பிணமும்

ஷட்டர் விழுந்தது.

கூடவே ஓர் அரசு அதிகாரியும் விழுந்தார்!

இரண்டுக்கும் காரணம் நான்தான். தொழில் தொடங்க அரசாங்கம் தரும் மானியத்துக்காக எங்கள் பட்டறையைப் பார்வையிட வந்தவர் அவர். அவர் குனிந்து உள்ளே நுழைவதற்காக, துருப்பிடித்த ஷட்டரை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தேன். அதிகாரியை நேரில் பார்த்ததும் எனக்கு மரியாதை பொங்கிவிட்டது.

கைகூப்பி வணக்கம் சொன்னேன்.

தடால்...!

"பாவி! ஷட்டரை விட்டுட்டு யாராவது கும்பிடுவாங்களாடா?" அக்கா ஓடி வந்தாள்.

அதிகாரி அசையவில்லை.

அக்கா, ஒரு கால் குட்டையாக இருப்பவர்களுக்கு அளவெடுத்து ஷூ தைப்பவள். ஷூ கம்பெனி முதலாளியின் 'ஏய்!' என்ற அழைப்புக்குத் தலை நிமிர்ந்தே பாதி ஆயுள் போனவள். "மானியம் வந்த மாதிரிதான்க்கா" என்று நான் அளந்ததை நம்பிப் போன வாரம்தான் அந்த வேலையை உதறியிருந்தாள்.

மானியம் இல்லையென்றால்...? மறுபடியும் அந்த 'ஏய்!'

"நகருங்க, நகருங்க..."

எங்களோடு நின்ற மூன்றாவது ஆள் முன்னால் வந்தான். மானிய மன்னன்! பட்டம் யாரும் கொடுத்ததில்லை. தானே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டான். மானியம் வாங்கித் தருவதுதான் தொழில். என்ன கேட்டாலும் சிரிப்பான். அதைத்தான் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். நானும் எடுத்துக்கொண்டேன். என்னைப் போன்ற அறிவாளிகள் இல்லாவிட்டால் அவனுக்கு ஏது சோறு?

"காலிப் பட்டறைக்கு எவன் மானியம் குடுப்பான்? தொழில் ஓடுற மாதிரி காட்டணும் தம்பி" என்று சொல்லி, ஒரு ஷூ தைக்கும் மெஷினை வாடகைக்குப் பிடித்து லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தான்.

இப்போது குனிந்து அதிகாரியின் மணிக்கட்டைத் தொட்டான். முகம் இருண்டது.

"ஆள் காலி!"

"எ... என்னண்ணே சொல்றீங்க?"

"அரசு அதிகாரியைக் கொன்னுட்டே தம்பி."

"வணக்கம்தானே சொன்னேன்!"

"அதை ஜட்ஜுகிட்ட சொல்லு. கையைத் தூக்காம சொல்லு."

அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே... அப்போ மானியம் கிடைக்குமா, கிடைக்காதா?"

பிணத்துக்குப் பக்கத்தில் நின்று கேட்கிற கேள்வியா இது? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பின் அடியில் ஒட்டிய பசையாக மாறினேன்.

மன்னன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மெஷினை ஏத்திட்டுப் போற லாரியிலயே இவரையும் போட்டு எங்கயாவது தள்ளிடறேன். வெளிய மூச்சு விடமாட்டேன். ஆனா..."

"ஆனா...?"

"உங்கப்பா விட்டுட்டுப் போன இந்த ஷெட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க."

நான் தலையாட்டப் போனேன். அக்கா தடுத்தாள்.

"இருடா. லாரின்னு சொன்னதும் பிணத்தோட கைக் கட்டைவிரல் ஆடுச்சு."

அவள் அதிகாரியின் ஷூவைக் கழற்றினாள். தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்தாள். உள்ளங்காலில் வைத்து...

சதக்!

"ஐயோ... அம்மா!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"அண்ணே! ஆபீசரா நடிக்கத்தானே கூப்டீங்க? அடிபட்டுக் கிடந்தவனை அசையாதேன்னு காதுல சொன்னீங்க, சரி! லாரில போட்டுத் தள்றதெல்லாம் பேச்சுலயே இல்லியே!"

"வாயை மூடுடா, எருமை!" மன்னன் பல்லைக் கடித்தான்.

அப்போது ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல்...

"உள்ள வரலாமா? மாவட்டத் தொழில் மையத்துலேர்ந்து வர்றேன்."

கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் அம்மாள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தார். நிஜ அதிகாரி!

"இவங்களை யாருக்கா கூப்பிட்டது?"

"நான்தான். நேரா ஆபீஸுக்குப் போய் விண்ணப்பம் குடுத்தேன். உன்னை நம்பி வேலையை விட்டேன். மானியத்துக்கும் உன்னையே நம்ப எனக்கென்ன பைத்தியமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்காவுக்கு உபகாரம் செய்தே தீருவது என்று பாய்ந்து போய் மெஷினைப் போட்டேன்.

கட கட கட கட...!

"பாருங்க மேடம்! தொழில் சும்மா பிச்சுக்கிட்டு ஓடுது!"

அதிகாரியின் முகம் மாறியது.

"ஏற்கெனவே தொழில் ஆரம்பிச்சாச்சா?"

"ஆமா மேடம்! அமோகமா!"

"அப்போ மானியம் இல்லை. இது இனிமேதான் ஆரம்பிக்கப் போறவங்களுக்கு."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். என் காதுக்குள் கேட்டது அந்த முதலாளியின் 'ஏய்!'

"மேடம், பொய்! எல்லாமே பொய்! மெஷின் வாடகை! இங்க ஒரு தொழிலும் நடக்கலை!"

"சாட்சி?"

என்ன கொடுமை! என் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓர் அயோக்கியன் உண்மை பேச வேண்டும். நான் மன்னனைப் பார்த்தேன். அவன் பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த ஷெட்டுக்குப் பின்வாசலே கிடையாது.

அக்கா குத்தூசியோடு எழுந்தாள்.

"சொல்றேன், சொல்றேன்!" பிணம் அலறியது. "மெஷின் இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு! இதே மெஷினைத்தான் ஊர் பூரா கொண்டுபோய் இறக்கி ஏமாத்துறாரு! இங்க நூல்கூடக் கோக்கலை, நீங்களே பாருங்க!"

அதிகாரி குனிந்து பார்த்தார். ஊசியில் நூலே இல்லை. போனை எடுத்துப் போலீஸை அழைத்தார். மன்னன் என்ன செய்தான் என்கிறீர்கள்? சிரித்தான். இந்த முறை அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள யாரும் தயாரில்லை.

பிறகு அதிகாரி, அக்கா மாதிரிக்குத் தைத்து வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்து, தடித்த அடிப்பாகத்தை அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

என்னால் தாங்க முடியவில்லை.

"மேடம்... கிடைக்குமா, கிடைக்காதா? ஒருத்தராவது நேரா சொல்லுங்களேன்!"

"கிடைக்கும். முடிவு எடுக்குறது நான்தான். ஆனா ஒரு நிபந்தனை."

"எதுவானாலும் சரி மேடம்!"

"இந்தத் தொழில் பக்கமே நீங்க வரக் கூடாது."

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் கம்பீரமாக வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டேன்.

நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு என்னால் முடிந்த முதல் உதவி!