இரண்டும் உள்நோக்கி

2022 நவம்பர் 18, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். விடியலிலிருந்தே தூறல், நனைக்கும் அளவுக்கு வலுவில்லாத, நிற்கவும் மனமில்லாத தூறல். பட்டறையின் முன் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் எஞ்சினை அணைத்தார். பிறகு பாதி இறங்கியிருந்த நான்கு கண்ணாடிகளையும் முழுமையாக இறக்கினார். சாரல் இருக்கைகளின் மேல் விழுந்தது.

"மழைக்குக் கண்ணாடிய ஏத்துவாங்க மேடம். நீங்க இறக்குறீங்களே," என்றான் பெட்டிக்காரன்.

"மூடின வண்டிக்குள்ள என்னால உட்கார முடியாது," என்றார் அவர்.

கார்களுக்குள் பாட்டுச் சாதனங்கள் பொருத்தித் தரும் பட்டறை அது. வேலை செய்பவர்கள் இருவரே. ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் மரப்பெட்டி அடித்துத் துணி ஒட்டுபவன் பெட்டிக்காரன். மின்கம்பி வேலை முழுவதும் அவனுடைய அக்காள் கணவருடையது. ஒரு கம்பியை வெட்டுவதற்கு முன் மூன்று முறை அளப்பவர் என்பதால் அந்தத் தெரு அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர் வைத்திருந்தது. நாளடைவில் அவருடைய மனைவியும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பெண் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, அதற்குள் ஆம்ப்ளிஃபயர், மேலே கண்ணாடி மூடி. மூடியின் விளிம்பைச் சுற்றி நீல விளக்குப் பட்டை. பெட்டியின் இரு பக்கமும் உள்ளங்கை அளவு விசிறிகள். எதற்கும் இணைப்புக் கொடுக்கப்படவில்லை. ஈரத் துணியின் வாடைக்கு அடியில் பழைய எஞ்சின் புகையின் வாடை இருந்தது.

"என் தம்பி பண்ணினது. ஃபேனும் லைட்டும்தான் பாக்கி. இன்னைக்கே முடிச்சுத் தரணும்ணே."

"இன்னைக்கேவா?" என்றான் பெட்டிக்காரன். "எங்க மாமா ஒரு ஸ்க்ரூவ முடுக்கறதுக்கே நல்ல நேரம் பார்ப்பாரு."

"நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடணும்."

பிறகு அவர் சொன்னார். ஏற்ற இறக்கமில்லாமல், பல பேரிடம் பல முறை சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னார். பதினோரு நாட்களுக்கு முன்பு இதே போன்ற ஒரு மழை. சாரல் உள்ளே வருகிறதென்று தம்பி வண்டிக்கூடத்தின் ஷட்டரை இறக்கிவிட்டிருக்கிறான். பேட்டரி இறங்கக் கூடாதென்று எஞ்சினை ஓடவிட்டிருக்கிறான். டிக்கிக்குள் குனிந்து வேலை செய்தபடியே புகையில் மயங்கிக் கிடந்தவனை, நாற்பது நிமிடம் கழித்து அக்காவான இவர்தான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது.

"இனிமே எழுந்திரிக்க மாட்டான்னு டாக்டருங்க சொல்றாங்க. மெஷின எடுக்கறதா, விடறதான்னு நான்தான் எழுதிக் கொடுக்கணும். எங்களுக்கு வேற யாரும் இல்ல." அவர் கண்ணாடி மூடியைக் கைக்குட்டையால் துடைத்தார். "முடிச்சதும் உன்ன ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தான். இந்த லைட்டு எரியறத ஒரு தடவ பார்த்துட்டுப் போயிடறேன்."

ஆட்டோ பிடித்து அவர் மருத்துவமனைக்குப் போனார். அதன்பின் ஒரு மணி நேரம் பெட்டிக்காரன் எந்த வேடிக்கையும் பேசவில்லை. அது அவனளவில் ஒரு சாதனை.

மில்லிமீட்டர் முதலில் பேட்டரியின் இரு கம்பிகளையும் கழற்றி, முனைகளில் துணி சுற்றினார். எந்த வண்டியிலும் அவர் செய்யும் முதல் வேலை அது. பிறகு பெட்டிக்குள் டார்ச்சை அடித்துப் பார்த்தார். தம்பியின் கை சுத்தமான கை. கம்பிகள் வகிடு எடுத்த தலைமுடி போலப் படிந்திருந்தன.

ஆனால் ஒரு பிழை இருந்தது. விசிறியின் பக்கவாட்டில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று அச்சிட்டிருக்கும். ஒன்று உள்ளே இழுக்க வேண்டும். மற்றொன்று வெளியே தள்ள வேண்டும். இங்கே இரண்டு அம்புகளும் உள்நோக்கி இருந்தன.

"தலை சுத்தின நேரத்துல மாட்டியிருப்பான் மாமா."

"இருக்கலாம்."

வலப்பக்க விசிறியைக் கழற்றி, திருப்பி, நான்கு திருகுகளையும் முடுக்கினார். பாட்டு ஓடும்போது மட்டும் விசிறிகளும் விளக்கும் உயிர்பெறும்படி ரிலே ஒன்றை வைத்து, மூன்றையும் ஒரே இணைப்பில் சேர்த்தார். பன்னிரண்டு மணிக்குக் கம்பி வேலை முடிந்தது. இனிப் பேட்டரியை மாட்டிச் சோதிக்க வேண்டியதுதான்.

அவர் கண்ணாடி மூடியை வைத்தார்.

நீல விளக்கு மங்கலாக எரிந்தது.

பிறகு அணைந்தது. பிறகு எரிந்தது.

"மாமா, பேட்டரிய மாட்டிட்டீங்களா?"

"இல்ல."

மீட்டரை எடுத்துப் பேட்டரிக் கம்பிகளில் வைத்தார். பூஜ்யம். ரிலேயில் வைத்தார். பூஜ்யம். விசிறி பழைய ரக மோட்டார். இறக்கையைக் கையால் சுற்றினாலே கொஞ்சம் மின்சாரம் பின்னோக்கி வரும், விளக்கு மினுக்கும். அது அவருக்குத் தெரியும். ஆகவே இறக்கைகளைப் பார்த்தார்.

அவை சுற்றிக்கொண்டிருந்தன.

"காத்தா இருக்கும்," என்றான் பெட்டிக்காரன். குரல் தாழ்ந்திருந்தது.

மில்லிமீட்டர் ஷட்டரைத் தரைவரை இறக்கினார். தூறலின் ஓசை தொலைவுக்குப் போனது. டிஷ்யூ தாளில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, விசிறியின் முன் பிடித்தார். காற்றின் திசையை அறிய அவர் எப்போதும் செய்வது அதுதான்.

தாள் உள்ளே இழுபட்டது. விளக்கு எரிந்தது.

தாள் வெளியே தள்ளப்பட்டது. விளக்கு அணைந்தது.

ஒரு விசிறி ஒரு திசையில் மட்டுமே காற்றைத் தரும். இருபத்திரண்டு ஆண்டுகளில் வேறு விதமாக ஒன்றை அவர் கண்டதில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் எண்ணினார். இழுப்பு, விடுப்பு, ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதில் தாள் உள்ளே இழுபட்டு, அங்கேயே நின்றது. விளக்கு அணைந்தது, இறக்கைகள் அசையாமல் நின்றன. அவருடைய கைக்கடிகாரத்தில் ஆறு நொடிகள் போயின.

பிறகு பெட்டி மெல்ல வெளியே விட்டது.

பழைய புகையின் வாடை அவர் முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக.

"மாமா," என்று கிசுகிசுத்தான் பெட்டிக்காரன், "அந்த மூடிய எடுத்துடுங்க. என்னமோ உள்ள யாரையோ வச்சுப் பூட்டின மாதிரி இருக்கு."

மூடியை எடுத்தார்கள். விசிறிகள் நிற்கவில்லை. அதன்பின் இருவரும் ஷட்டரைத் தூக்கி, தெருவிலேயே நின்றார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரிக்கவில்லை.

இரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்தார். என்ன சொல்வது என்று மில்லிமீட்டர் வாக்கியத்தை அமைத்து வைத்திருந்தார். அதைச் சொல்ல நேரவில்லை. டிக்கியின் அருகே வந்ததும் அந்தப் பெண்ணே நின்றுவிட்டார். தலையைச் சற்றுச் சாய்த்தார். உதடுகள் எண்ணுவது போல அசைந்தன. ஐந்தாவதில் விரலை உயர்த்தி, பட்டறை முழுவதையும் பேசாதிருக்கச் சொல்வது போலத் தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டார்.

பெட்டி விட்டதும் அவரும் விட்டார்.

"சின்ன வயசுல அவனுக்கு மூச்சிழுப்பு," என்றார். "ஒரே ரூம். தூங்கறப்போ நாலு மூச்சு ஒழுங்கா விடுவான். அஞ்சாவத இழுத்துப் பிடிச்சுப்பான். திரும்ப விடறவரைக்கும் நான் படுக்க மாட்டேன். டேய் விடுடா, விடுடான்னு சொல்லிட்டே இருப்பேன்." பெட்டியின்மேல் கையை வைத்தார். "இதுல கரன்ட் இருக்காண்ணே?"

"இல்லம்மா. எல்லாத்தையும் கழட்டித்தான் வச்சிருக்கேன்."

"அப்போ அவன் அங்க இல்ல. இங்க வந்துட்டான்." முகத்தில் பதினோரு நாட்களில் முதன்முறையாக ஏதோ தளர்ந்தது. "வேற ஏதாவது பார்த்தீங்களா? இருந்தா மறைக்காம சொல்லுங்க."

மில்லிமீட்டரின் பார்வை வலப்பக்க விசிறிக்குப் போயிருந்தது. தன் கையால் திருப்பி மாட்டிய விசிறி. திருகுகளின் தலையில் தன் திருப்புளியின் புதுக் கீறல். அம்புக்குறி உள்நோக்கி இருந்தது.

இரண்டுமே உள்நோக்கி.

வெளியே போக விரும்புகிறவன் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க மாட்டான். அந்த எண்ணம் அளந்து வெட்டியது போலத் தெளிவாக அவருக்குள் வந்து நின்றது. அதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் பேனா எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரிந்தது. தாளில் ஓடிய காற்றை நம்பி ஒருவரின் உயிரைப் பற்றிப் பேச அவருக்குத் துணிவில்லை.

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றார்.

அவர் மூடியை வைத்து, பேட்டரியை மாட்டி, பாட்டை ஓடவிட்டார். நீலம் முழுமையாக எரிந்தது. அந்தப் பெண் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, தன்னால் ஓட்ட முடியாது என்று சாவியை நீட்டினார். மருத்துவமனைவரை மில்லிமீட்டர் ஓட்டினார். எல்லாக் கண்ணாடிகளும் திறந்தே இருந்தன, நனைந்துகொண்டே போனார்கள். வழியில் அந்தப் பெண் ஒரே ஒருமுறை பேசினார்: "ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்னான். போயிட்டோம்ல?"

நான்காவது மாடி. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரே கட்டில். ஜன்னல்கள் திறக்க முடியாதவை. கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தில் யாரோ ஒரு காகித நாடாவைக் கட்டியிருந்தார்கள். அது அசையாமல் தொங்கியது. மில்லிமீட்டர் அதைக் கவனித்தது பழக்கத்தால்தான்.

இயந்திரம் அவன் மார்பை உயர்த்தியது, தாழ்த்தியது. அந்தப் பெண் கட்டிலருகே நின்று எண்ணினார். ஐந்து. பத்து. இருபது. எந்த இடத்திலும் நிறுத்தம் இல்லை. எல்லா மூச்சும் ஒரே அளவு.

"பார்த்தீங்களா," என்றார் மெதுவாக. "இது அவன் இல்ல."

டாக்டர் அம்மாள் தாளை நீட்டினார். "அவசரமே இல்லம்மா. இன்னும் ரெண்டு நாள்கூட எடுத்துக்கலாம்."

"வேணாம் டாக்டர். அவனை அங்க கார்ல தனியா விட்டுட்டு வந்திருக்கேன்."

மெஷினை எடுத்துவிடலாம் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தேதியைக் கேட்டு, அதையும் எழுதினார். தாளை டாக்டரின் கையில் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மில்லிமீட்டர் மட்டும்தான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அதன் மேல் விளிம்பைப் பிடித்திருந்தார். கீழ் விளிம்பு கட்டிலை நோக்கி இழுபட்டது, திரும்பியது. கூரையில் நாடா அசையவில்லை. இயந்திரம் தன் தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தாள் அதனுடன் சேரவில்லை.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்தாவது முறை தாள் கட்டிலை நோக்கி இழுபட்டு, அங்கேயே நின்றது.