சில்வர் பெயிண்ட்

பின்கட்டுக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மழைக்காலம் வெட்டவெளியில் நனையவிட்டு, காயவிட்டு அவள் துருவேற்றிய சிலை, தலைமுதல் கால்வரை சில்வர் பெயிண்ட் பூசிக்கொண்டு காலை வெயிலில் பளபளத்தது. பத்து மணிக்கு லாரி வரும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய கண்காட்சி.

சைக்கிள் செயின், கீல், ஓட்டைச் சட்டி என்று தெருத்தெருவாகப் பொறுக்கி வந்து, வீட்டு வேலையெல்லாம் முடித்த பிறகு பற்றவைத்து உருவாக்கியவை அவள் சிலைகள். இந்த வீட்டில் அவளுக்குப் பெயரே ‘காயலான்கடைக்காரி’தான். வைத்த புண்ணியவதி மாமியார்.

“யார் பண்ணின வேலை இது?”

கணவன் பல் தேய்த்தபடி எட்டிப் பார்த்தான். “இரும்புதானே... பெயிண்ட் அடிச்சா நல்லதுதானே. இதுக்குப் போய்...”

அவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது? அவள் சிலைகளின் மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டதைத் தவிர, அவன் அவற்றைத் தொட்டதே இல்லை.

ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பா காலியாகக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மாமியாரின் நகமெல்லாம் வெள்ளி.

“நீங்களா அத்தை? எத்தனையோ பேச்சு பேசினீங்க, பொறுத்துக்கிட்டேன். என் வேலையில மட்டும் கை வைக்காம இருந்தீங்க... இப்ப அதுவும் போச்சா? துரு இல்லன்னா அந்தச் சிலையே இல்ல அத்தை...”

மாமியார் கண்காட்சி அழைப்பிதழை எடுத்து நீட்டினாள். சிலையின் படத்துக்குக் கீழே ‘என் மாமியார்’ என்று அச்சாகியிருந்தது.

“எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? நாலு பேர் முன்னாடி துருப்பிடிச்ச கிழவியா நான் உக்காந்திருக்கணுமா? அவ்வளவு வன்மமா உனக்கு...”

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிலையைப் பற்றி முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் யார் என்றைக்கு அவளுக்குக் காது கொடுத்தார்கள்?

“வன்மம் இருந்தா, வளைஞ்சு போச்சுன்னு நீங்க தூக்கிப் போட்ட கரண்டியை எல்லாம் எடுத்து முதுகெலும்பா வச்சிருப்பேனா? நாப்பது வருஷம் இந்த வீட்டுக்காக வளைஞ்ச முதுகு அத்தை அது. பளபளன்னு இருந்தா நீங்க பட்டதை யார் நம்புவாங்க?”

மாமியார் சிலையின் முதுகைத் தடவினாள். கைப்பிடி தேய்ந்த கரண்டி ஒன்றில் விரல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினாள்.

“டேய், நின்னு வேடிக்கை பார்க்காதே. மண்ணெண்ணெயும் பழைய துணியும் கொண்டா.”

பெயிண்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை. மூவரும் மூச்சுவிடாமல் துடைத்தார்கள். தலையிலிருந்து கணுக்கால்வரை துரு திரும்பியபோது வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அவள் சிலையின் பாதத்தில் துணியை வைத்தாள்.

“அதை மட்டும் விட்டுடும்மா...” என்றாள் மாமியார் மெதுவாக. “அதுவாவது பளபளன்னு இருக்கட்டும்.”

கண்காட்சிக்காரர்கள் என்ன சொல்வார்களோ! அவள் பல்லைக் கடித்தாள். பிறகு, எதிரே மண்ணெண்ணெய் ஈரத்தில் நின்ற மாமியாரின் வெடித்த பாதங்களைப் பார்த்தாள். துணியைக் கீழே போட்டாள்.

“சரி, லாரியில ஏறுங்க. பாதம் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன். பாதம் மட்டும் நான் பண்ணினது, மத்ததெல்லாம் என் மருமக பண்ணினதுன்னு சொல்றேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து ‘என் மருமக’ என்று வந்தது அன்றுதான்.