ஆறு மணித் தட்டு

மனிதர்கள் எதை மறைத்தாலும் காலம் அதை வெளியே கொண்டுவந்தே தீரும் என்பது துப்பறிகிறவர்களின் நம்பிக்கை. இந்த வழக்கில் அதை வெளியே கொண்டுவந்தது காலம் அல்ல, மாடத்தியின் வயிறு. ஞாயிறு தவிர எல்லா நாளும், காலை ஆறரை மணிக்கு.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் மின்விசிறி ஓடவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கிராமச் செவிலியராக இருக்கும் செந்தாமரை, அது ஓடும் என்று எதிர்பார்ப்பதையும் விட்டிருந்தார். எதிரே மாடத்தியும் அவள் கணவன் கொம்பையாவும் உட்கார்ந்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்துக்காரர்கள்; ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. மாடத்திக்கு ஐந்தாவது மாதம்.

"மாத்திரை வெசம் மேடம்," என்றான் கொம்பையா. "இவ கம்பெனியில குடுக்கது. தின்னு அரை மணியில வாந்தி. பொறவு..." மனைவியைப் பார்த்தான். மாடத்தி சுவரைப் பார்த்தாள். "வெளிக்குப் போனா கரி மாதிரி போகுதுங்கா. இனிமே ஒண்ணும் வேண்டாம்னுட்டேன். எல்லாத்தையும் செம்பரம்பாக்கம் ஏரியில கொட்டப் போறேன்."

"அது மெட்ராஸ்காரங்க குடிக்கிற தண்ணி," என்றார் செந்தாமரை.

அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் ஹீமோகுளோபின் 8.4இலிருந்து 8.1க்கு இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தினால் இன்னும் இறங்கும். அந்த நிலையில் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உயிருக்கு ஆபத்து.

"போலி மாத்திரைதான்கா," என்றாள் கங்கா. சுகாதாரத் தன்னார்வலர். வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்ப்பது அவள் வேலை. குற்றம் கண்டுபிடிப்பது ஆசை. "சாக்பீஸ அரைச்சுப் பண்றானுங்க. நான் அப்பவே சொன்னேன்ல?"

"எப்ப சொன்ன?"

"இப்பதான்."

"சாக்பீஸ் தின்னா கறுப்பா போகாது. இரும்பு உள்ள போனாதான் அப்படிப் போகும். அது ஒண்ணும் பண்ணாது. ஆக, மாத்திரை அசல்தான்."

கையிலிருந்த விஷத்தை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் கொம்பையா முகம் வாடினான்.

"கம்பெனி லீவு, ஞாயித்துக்கிழமை மாத்திரை போடுறதில்லையா மாடத்தி?"

"போடுதேன் மேடம். அதுவும் கம்பெனி குடுத்தனுப்புததுதான். மத்தியானம் சோறு தின்னுட்டு செவப்பு மாத்திரை. கூடக் குடுக்க கால்சியமும் விட்டமினும் மறந்துபோயி ராத்திரிதான். அன்னைக்கு வாந்தியே இல்ல."

"அதே அட்டையா?"

"அதேதான்."

செந்தாமரை குறிப்பேட்டை மூடினார். "ரெண்டு நாள் பொறுங்க தம்பி. அப்புறம் ஏரியப் பத்திப் பேசலாம்."

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் முகாம் என்ற பெயரில் மறுநாளே செந்தாமரையும் கங்காவும் மாடத்தியின் கம்பெனிக்குள் நுழைந்தார்கள். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி. பயிற்சிக் கூடத்தில் 'தாய்மையில் பிழை பூஜ்ஜியம்' என்று ஒரு பலகை. அதன் கீழ் தலைமையகம் அனுப்பிய கேடயம். கேடயத்துக்கு அருகில் நலத்துறை மேலாளர் மோகன். இரண்டில் எது அதிகம் பளபளத்தது என்று சொல்வது கடினம்.

"எல்லாம் அசெம்ப்ளி லைன் கத்துக்கொடுத்த பாடம் மேடம்," என்றார். "ஒரு வண்டிக்குத் தேவையான பார்ட்ஸ் எல்லாத்தையும் ஒரே தட்டில் வெச்சுக் குடுத்துடுவோம். தேட வேண்டாம், மறக்க வேண்டாம். மாத்திரைக்கும் அதையே கொண்டுவந்தேன். இரும்பு, கால்சியம், விட்டமின், ஒரே தட்டு. ஷிப்ட் தொடங்கும்போது ஆறு மணிக்கு டீயோட குடுத்து, போட்டோ எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பிடுவோம். மூணு மாசமா நூறு சதவீதம்."

"டிபன்?" என்றார் செந்தாமரை.

"எட்டு மணி பிரேக்ல."

கங்காவின் கண்கள் விரிந்தன. செந்தாமரையின் கண்கள் வரிசையாக நின்ற ஐந்து கர்ப்பிணிகளின் நீல மேல்சட்டைகளை மெதுவாகக் கடந்தன. நான்கு சட்டைகளில் பையின் அடியில் செம்பழுப்பாக ஒரு கறை. மாடத்தியின் பை சுத்தமாக இருந்தது.

"கங்கா, முதலுதவி அறைப் பதிவேட்ட வாங்கிட்டு வா. வாந்தின்னு யார் யார் வந்தாங்கன்னு பாரு."

கங்கா போய் வந்தாள். "இந்த ரெண்டு மாசமும் மாடத்தி மட்டுந்தான்கா. மத்த நாலு பேரும் ஒரு நாள்கூட வரல."

"வெறும் வயித்துல இரும்பு போட்டா பலருக்குக் குமட்டும்," என்றார் செந்தாமரை, இதை எத்தனையாவது முறை சொல்கிறோம் என்ற சலிப்போடு. "உள்ள தங்குற கொஞ்சத்தையும் டீயும் கால்சியமும் ரத்தத்துல சேர விடாது. அதான் மாடத்திக்கு வாந்தியும் வருது, ரத்தமும் ஏறல. ஞாயித்துக்கிழமை அவ மறதியில சரியாச் செஞ்சிருக்கா. ஆனா தட்டு அஞ்சு பேருக்கும் ஒண்ணு. வாந்தி ஒருத்திக்கு மட்டும் வரும்போது, முழுங்குறதும் அவ ஒருத்திதானோன்னு தோணுது. ஈரமான சிவப்பு மாத்திரை துணியில சாயம் விடும். இல்லம்மா ஷாரோன்?"

வரிசையில் முதலில் நின்ற, குன்றத்தூரிலிருந்து வரும் ஷாரோன் தன் பையைக் கையால் மூடினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"இன்னா பண்றது மேடம். கன்னத்துல அடக்கி வெச்சிக்கினு போட்டோக்கு சிரிப்போம். அப்பால பையில துப்பிடுவோம். முழுங்கினா வாந்தி வருது. லைன்ல வாந்தி எடுத்தா லைன் நிக்கும். லைன் நின்னா ஏன் நின்னுச்சின்னு மீட்டிங் போடுவாங்கோ. அங்க போயி இன்னான்னு சொல்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா," என்றாள் மாடத்தி.

"நாங்க பஸ்ல பேசிக்கினது. நீ வல்லக்கோட்டை பஸ்சுல வர்ற."

மோகன் கேடயத்தைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்தார்.

"மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு இரும்பு, தண்ணியில," என்றார் செந்தாமரை. "மத்த ரெண்டும் ராத்திரி சாப்பாட்டோட, வீட்டுல. அப்பவும் ஒத்துக்கலன்னா என்கிட்ட வாங்க, டாக்டர்கிட்ட கேட்டு வேற மாத்தலாம். துப்பாதீங்க."

"வீட்டுல போட்டோ எடுக்க முடியாதே மேடம்," என்றார் மோகன்.

மாடத்தி கணவனைக் கூப்பிட்டு, போனைச் செந்தாமரையிடம் நீட்டினாள். "அவுககிட்ட நீங்களே சொல்லிருங்க."

கொம்பையா முழுவதையும் கேட்டான். "கறுப்பா போகுமா?"

"போகும். போனா நல்லதுன்னு வெச்சுக்கங்க."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சரி, தின்னட்டும். போனை அவகிட்ட குடுங்க."

மாடத்தி போனோடு சன்னல் பக்கம் போனாள். மோகன் தொண்டையைச் செருமினார். "பாருங்க, இப்படி ஒரு பக்க விளைவு இருக்குன்னு எங்க யாருக்குமே தெரிய வாய்ப்பில்லை."

கங்கா பதிவேட்டை விடாமல் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போயிருந்தாள். திட்டத்தின் தொடக்க விழா நடந்த நாளில் வந்து நிறுத்தி, விரலை வைத்துச் செந்தாமரையிடம் காட்டினாள்.

அன்று காலை 6.35க்கு வாந்தி எடுத்து முதலுதவி அறையில் இரண்டு மணி நேரம் படுத்திருந்தவர் பெயர் மோகன். காரணம் என்ற கட்டத்தில், 'போட்டோவுக்காக ஒரு தட்டு மாத்திரை' என்று எழுதியிருந்தது.