பஞ்சு எடுத்த காது

ஒலிச்சொட்டு நாளென்றால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது இருளப்பனின் வழக்கம். ஆறு வருஷமாய் ஊற்றிய மருந்தையெல்லாம் அந்தப் பஞ்சுதான் குடித்தது. இன்று காது வெறுமையாக இருந்தது.

செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோரும் பேசுவது எல்வமொழி. பூமியில் யாரோ ஒரு விளையாட்டுக்காக, கூர்க்காது வனவாசிகள் பேசுவதற்கென்று கட்டிய பாஷை. யாருக்கும் சொந்தமில்லாததால் சண்டை வராதாம். கப்பலேறும்போதே அவரவர் தாய்மொழியைத் துடைத்துவிட்டு இதை ஏற்றினார்கள். அதோடு விட்டார்களா? வரலாறு இல்லாத மொழிக்கு மரியாதை இல்லை என்றார்கள். ஆகவே வருஷத்துக்கு ஒரு சொட்டு. காதில் ஒரு சொட்டு விழுந்தால், நூறு வருஷம் பேசித் தேய்ந்ததுபோல் மொழி மாறிவிடும். தண்ணீருக்கு முதலில் ‘நேவாலு’. அப்புறம் ‘நேவா’. இப்போது ‘நியா’. ‘நிலவிலிருந்து இறங்கியது’ என்று அதற்கொரு வேர்ச்சொல் வேறு. மொழியைத் தேய்க்கிற குழு டீ குடிக்கிற நேரத்தில் கட்டிவிட்ட வேர் என்பது இருளப்பனின் கணிப்பு.

போன வாரம் பேத்தி அமுதினியின் கை வெந்நீர்க் குழாயடியில் மாட்டிக்கொண்டது. வால்வை மூடச் சொல்லிக் கத்தியவளின் புதுப் பேச்சு புரியாமல், இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். மூன்று விரல் வெந்துபோனது.

சொட்டு ஊற்றும் அதிகாரி கில்பர்ட்டுக்குப் பழைய ஒலிகளும் தெரியும். “என்ன பெரியவரே, பஞ்சைக் காணோம்?”

“பஞ்சு இருக்குன்னு தெரிஞ்சுதான் இத்தனை வருஷமா ஊத்துனியா? சரி, ஊத்து.”

“விட்டுப்போன ஆறையும் சேர்த்து ஊத்தணும். பழசு அழிஞ்சிடும், திரும்ப வராது. வீட்டுல சம்சாரத்தோட குரல் பதிஞ்ச பெட்டி இருக்காமே? அதையும் மாத்தித் தர்றோம், சுத்தமாப் புரியும்.”

“அவ செத்து ஏழு வருஷம் ஆச்சுய்யா. இந்த வருஷப் பேச்சு அவ வாயில எப்படி வரும்? அவளைத் தொடாதே.”

சொட்டுகள் சுரீரென்று இறங்கின.

வீட்டில் அமுதினி கட்டுப்போட்ட கையை நீட்டினாள். “எரியுது தாத்தா.” ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஊதிவிட்டார்.

“இப்ப நான் சொல்றது தெரியுதா உனக்கு?”

“தெரியுது கண்ணு.”

அவள் தூங்கியபின் வீரம்மாளின் குரல் பெட்டியைத் திறந்தார். தினம் கேட்டதுதான், முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், அப்புறம் சாப்பிட வராததற்குத் திட்டுவாள். யாரோ ஒரு பொம்பளை எதையோ கடகடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பேர் எங்கே வருகிறதென்று தேடினார். கிடைக்கவில்லை.

கடைசியில் அவள் இருமினாள். அவளுடைய அதே புழுதி இருமல், இரண்டு தடவை.

இருளப்பன் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பெட்டியின் முன்னால் வைத்தார்.