கிளியம்மாள், கணவர் பெயர் தசரதன்

சந்திரம்மாள் தசரதன் வீட்டுப் படியேறியபோது மாலை மணி நான்கு. விடிந்தால் ஓட்டு. போன மாதம் நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போய் ஜூன் பதினைந்தில் வந்து நின்றிருந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகளெல்லாம் ஒரகடம் பக்கம் போய் ஒதுங்கிவிட்டதால், தெருவில் கோழி மண்ணைக் கிளறுவதுகூடக் காதில் விழுந்தது.

நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் எது நடந்தாலும் இந்த சுந்தராம்பாள் துணைக்குப் போய்விடுவாள். கூப்பிட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சந்திரம்மாளுக்கு ஒரே பிள்ளை பகலவன், இருபது வயது. எதிர்க்கட்சிச் சின்னத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததாகக் கைகலப்பு. அதில் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாத இவன் லாக்கப்பில் நான்காவது நாளாகக் கிடக்கிறான். அன்று காலை சோறு கொண்டுபோனவளுக்கு அவன் கைவிரலை மடக்கவே முடியாமல் இருந்தது தெரிந்திருக்கிறது. இவளே பிசைந்து ஊட்டியிருக்கிறாள். வாயில் போட்டதும் வெளியே வந்துவிட்டதாம், ரத்தத்தோடு.

"இன்னொரு ராத்திரி தாங்காதுக்கா" என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

தசரதன் எங்கள் பகுதிக் கட்சிக்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையனை விட்டுவிடுவார்கள். அதற்குக் கைம்மாறாக அவர் கேட்டது ஒரு ஓட்டு. சந்திரம்மாளின் ஓட்டு இல்லை; அவள் பெயர் இன்னும் பிறந்த ஊரான மணிமங்கலம் பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் பெண்டாட்டி கிளியம்மாளின் பெயரை இங்கே யாரும் அடிக்கவில்லை. அந்த ஓட்டை இவள் போய்ப் போடவேண்டும். பெண்டாட்டி போனதைவிட அவள் ஓட்டு வீணாய்ப் போவதுதான் அந்த மனுஷனுக்குத் தாங்கவில்லை.

ஓடு போட்ட வீடு. உள்ளே வெயில் வராது. கூடத்தை ஒட்டிய சமையலறைக் கதவு கிளியம்மாள் போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. அவருக்கு மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. கதவுக்கு மேலே சுவரில் நாலு தடவை வெள்ளையடித்தும் கரி மறுபடி மறுபடி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

"உக்காரு சந்திரம்மா. ஆபீசர் வெளியூர்க்காரன். ஏஜெண்டுங்கள நான் பாத்துக்கறேன். நீ திக்காம பதில் சொல்லிட்டா போதும். ஒரு தபா ஒத்திகை பாத்துடலாம்." மேஜைக்குப் பின்னால் ஆபீசர் மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "பேரு?"

"கிளியம்மா."

"முழுசா."

"கிளியம்மாள்."

"புருஷன் பேரு?"

சந்திரம்மாள் என்னைப் பார்த்தாள். "உங்க பேரை உங்க எதுருலயே எப்படிண்ணே சொல்றது?"

"நாளைக்கி ஆபீசர்கிட்ட மட்டும் சொல்லுவியா? இப்பவே சொல்லிப் பழகு."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கட்டினவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். 'அவரு' என்போம், பிள்ளை பெயரைச் சொல்லி 'அவன் அப்பா' என்போம். கிளியம்மாளும் அப்படித்தான். உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடந்தபோது, வாக்குமூலம் வாங்க ஒரு மாஜிஸ்திரேட் வந்தார். நான் ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன். நான் எங்கேதான் நிற்கவில்லை? "யாரும்மா பண்ணினது?" என்று கேட்டார். "அவருதான்" என்றாள். "அவருன்னா யாரு? பேரைச் சொல்லும்மா." மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள், "அவருங்க" என்றாளே தவிரப் பெயர் வாயிலிருந்து வரவில்லை. நாலாவது முறை கேட்பதற்குள் போய்விட்டாள். யார் என்று சொல்லவில்லை என்றே எழுதிக்கொண்டு போனார் அந்த மனுஷன்.

"சொல்லு சந்திரம்மா. பையன் வெளிய வர வேணாமா?"

சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளைக்காகத்தான்.

"தசரதன்."

"ஆங். இன்னொரு தபா. பேரு?"

"கிளியம்மாள்."

"புருஷன் பேரு?"

மண்ணெண்ணெய் வாடை வந்தது.

முதலில் லேசாக. விளக்குக்கு ஊற்றும்போது வருமே, அந்த அளவு. பிறகு முடி பொசுங்குகிற வாடை. தசரதன் மூக்கைச் சுளித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். கதவு சாத்தித்தான் இருந்தது.

"தசரதன்" என்றாள் சந்திரம்மாள்.

அது சந்திரம்மாளின் குரல் இல்லை.

வெந்த தொண்டையிலிருந்து காற்றாக வந்த குரல். அந்தக் குரலை நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், ஜன்னலோரம் நின்று.

"போதும், போதும். நல்லா சொல்ற" என்று தசரதன் எழுந்தார்.

"அன்னிக்கு மூணு தபா கேட்டாங்க. வாயில வரலை. இப்ப வருது பாரு. தசரதன். தசரதன். தசரதன்."

கடைசித் தடவை சொன்னபோது அவள் உதடு அசையவில்லை.

மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். சந்திரம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொள்கிறவள். பக்கத்தில் கிடந்த தாளில் நிதானமாக எழுதினாள்: கிளியம்மாள். ஐந்தாவது படித்த பெருமையில் கிளியம்மாள் 'ள்' போட்டு வாலை நீளமாக இழுப்பாள். அதே வால்.

தசரதனுக்குக் கால் வேஷ்டியில் சிக்கியது. நாற்காலி விழுந்தது. கேட்பவர்களை எல்லாம் கிடுகிடுக்க வைக்கிற மனுஷன், சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"இவ எனக்கு உடம்பு குடுத்திருக்கா" என்றது அந்தக் குரல். "சும்மா குடுக்கல. போ. இவ புள்ளைய வெளிய வுடச் சொல்லு."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

நானும் ஓடத்தான் பார்த்தேன்.

"அக்கா, நீ இரு."

இருந்தேன். அவள் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளினாள். இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, தள்ளியதும் திறந்தது. உள்ளே தரையில், கதவுக்குப் பக்கமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே பாத்திரம் தேய்க்கிற சத்தம், யாரோ மாட்டைத் திட்டுகிற சத்தம், பூத்துக்கு எந்நேரம் போகலாம் என்று பேசிக்கொண்டு போகிறவர்கள். உள்ளே அவள் மூச்சு மட்டும். இழுக்கும்போது ஒரு கீச்சு. விடும்போது ஒரு கீச்சு.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பகலவன் வந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தான்.

"அந்தாளு இன்ஸ்பெக்டர் கால்ல வுழுந்து அழுவுறாருக்கா. என்னை இங்க அனுப்பிட்டு, அவரு வூட்டுக்கு வரமாட்டேன்னு ஸ்டேஷன்லயே குந்திக்கினாரு. இன்னா ஆச்சு? எங்கம்மா எங்க?"

நான் கையைக் காட்டினேன்.

"அம்மா!"

அவள் தலையைத் திருப்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அடிபட்ட முகம், வீங்கின கண், மடங்காத விரல். நாலு நாள் இந்தப் பிள்ளைக்காக அழுத கண்தான் அது.

"யாரு தம்பி?"

"நான்தாம்மா! பகலு! வந்துட்டேம்மா!"

"சந்திரம்மா புள்ளையா? அடி பலமா பட்டுடுச்சா?" அனுதாபமாகத்தான் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்பதுபோல. "உங்கம்மா வந்துடுவா தம்பி. சுந்தராம்பா அக்கா வாயில ஒரு வார்த்தை நிக்குது. அது வெளிய வரணும்."

பையன் என் பக்கம் திரும்பினான். அப்புறம் என் காலைக் கட்டிக்கொண்டான். "இன்னா வார்த்தைக்கா? சொல்லிடுக்கா. உன் புள்ளையா நெனச்சிக்க. எங்கம்மாவ குடுத்துடுக்கா."

ஊர்க்கதை எல்லாம் சொல்லுகிற எனக்கு இந்த ஒன்றைச் சொல்ல இரண்டு வருஷமாக வாய் வரவில்லை. அன்றைக்கு ஸ்டவ் வெடித்தது என்று போலீசிடம் முதலில் சொன்னவள் நான். ஸ்டவ் வெடிக்கவில்லை. கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தேன். தசரதன் சமையலறைக் கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த மாதம் தெருக்குழாயை என் வீட்டு வாசலில் போட வைத்தார். இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கிறேன்.

"தாழ்ப்பாள் போட்டதை நான் பாத்தேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "தசரதன்தான் கொளுத்தினான். கதவ மறிச்சி நின்னத நான் கண்ணால பாத்தேன். ஸ்டேஷன்லயும் வந்து சொல்றேன். எழுதிக் குடுக்கறேன். அவ புள்ளை வந்துட்டான், அவள வுட்டுடு தாயி."

சமையலறையில் மூச்சுச் சத்தம் நின்றது.

வாடையும் நின்றது. காற்று வந்தது. சந்திரம்மாளின் தலை முழங்கால்மேல் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது. கண் பளிச்சென்று இருந்தது. பகலவன் அழுகையும் சிரிப்புமாகத் தவழ்ந்தே உள்ளே போனான். அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான்.

"அம்மா."

அவள் கை எழுந்தது. அவன் தலையைத் தடவியது. கோதிக் கோதி, பாசமாக.

"அம்மா... அம்மா..."

"இன்னா தம்பி?" என்றாள்.