ஆய்வாளரின் எடை

ஏரிக்கரை ஊரான நெடுங்குளம் வட்டத்தில் பரோட்டா போடும் அந்தோணிசாமிகூடப் பதிவுபெற்ற சூழலியல் ஆய்வாளர்தான். கல்லில் ஒரு கண், கடை வாசலில் நட்ட நீரளவுக் குச்சியில் ஒரு கண். தினம் ஒருமுறை அளவைப் பதிந்துவிட்டால் போதும், அவரை ஊரைவிட்டு யாரும் கிளப்ப முடியாது.

எல்லாம் முனைவர் பூங்கோதை கண்டுபிடித்த தாங்குமானியின் தயவு. நீரியல், மண்ணியல், சமூகவியல், நகரமைப்பு என நாலு துறையையும் போட்டுக் கலக்கிய கருவி அது. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்லும்; மிஞ்சியவர்கள் மேட்டுநகருக்குப் போக வேண்டும். அளக்கிறவர் தன்னைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது களப்பணி வழக்கம். அதன்படி தாங்குமானிக் கணக்கில் ஆய்வாளரின் எடை சுழியம் என்று பூங்கோதை எழுதிவைத்தார். அப்போது ஆய்வாளர்கள் ஆறே பேர். இப்போது பதினோராயிரத்துச் சொச்சம். ஊரே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டது, பாவம் ஏரி!

அத்தனை பேரும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் தரை இறங்கி, ஏரித் தண்ணீர் கரையோரம் இருந்த பூங்கோதை வீட்டு மூன்றாம் படிக்கு ஏறியிருந்தது. தாங்குமானியோ ஜம்மென்று பச்சை காட்டியது. அடுத்த மழைக்கு ஊர் முழுகிவிடும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சுழியத்தை ஒன்றாக்கத் திருத்தம் போட்டார். வட்டத்து ஆய்வாளர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் செல்லாது.

எவன் சம்மதிப்பான் என்றுதான் நினைத்தார். மாலைக்குள் அத்தனை பேரும் சம்மதித்துவிட்டார்கள்.

"அடுப்புல மீனு நீந்துது மேடம்," என்றார் அந்தோணிசாமி, தோளில் மூட்டையோடு. "கடை போனாப் போவுது, புள்ளைங்க இருந்தாப் போதும். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

பூங்கோதை திரையைத் தொட்டார். திருத்தம் நிறைவேறினால் முதலில் வெளியேற வேண்டியவர் என்று அவர் பெயரே வந்தது. ஏரியை ஒட்டியிருப்பவர் முதலில் என்ற விதியும் அவர் எழுதியதுதான். முப்பத்தோரு வருடம் ஒருநாள்கூட விடாமல் அந்தப் படியில் எடுத்த அளவுத் தொடர் நாளையோடு அறுந்துவிடும். அவருடைய பெயர், பதவி, வாழ்க்கை எல்லாமே அந்தத் தொடர்தான். 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தி, காரணம் என்ற கட்டத்தில் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதினார்.

அந்தோணிசாமி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே வேணாம்னுட்டீங்களா? அப்போ பயமில்லன்னு அர்த்தம்! அதைச் சொல்றதுக்கென்ன மேடம்?"

படியிறங்கி ஓடி, எல்லாரையும் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.