தட்டாமல் அடைத்த கடைகள்

அன்று கடையடைக்கும் நேரத்தில் தட்டும் சத்தமே கேட்கவில்லை. மூலைக் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பொத்தான்கடைக்காரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் பழைய பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரை இறக்கியதும் வெளியே நின்று தட்டி, காது கொடுத்துக் கேட்டு, பதில் இல்லையென்றால்தான் பூட்டுவார்கள். அவளுடைய மாமனார் பிறப்பதற்கு முன்னால் இங்கே தீப்பிடித்தபோது, சரக்கு கொள்ளை போய்விடும் என்று பயந்த முதலாளிகள், உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பாராமல் பூட்டிவிட்டு ஓடினார்களாம். பிறகு கூரைக்குப் புதுக் கண்ணாடி வந்தது, தரைக்குச் சலவைக்கல் வந்தது. தட்டுவதை மட்டும் யாரும் விடவில்லை.

ஈரக்கையோடு ஓடிவந்தாள். இரண்டு வரிசையிலும் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. சுவிட்ச் பெட்டியருகே புது மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே ஒரே சுவிட்ச்சுதான்க்கா. ஷட்டருக்கு என்ன சளியா பிடிச்சிருக்கு, தினமும் நெஞ்சைத் தட்டிப் பாக்குறதுக்கு?"

"அட பாவி மனுஷா! எங்க வீட்டுக்காரரு பரண்ல சரக்கு தேடிட்டு இருக்காரு. தூக்குங்க!"

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "எல்லா ஷட்டரும் சேர்ந்துதான் ஏறும்க்கா, பரவாயில்லையா?"

"தூக்குங்கன்னா!"

மழை மேகம் கவிந்து கூரைக் கண்ணாடி சாம்பல் பூத்திருந்தது. ஈர இரும்பின் வாடைக்கு அடியில், இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணியைப்போல ஏதோ தீய்ந்த வாடை மெல்ல மெல்ல மேலேறி வந்தது. அவள் தன் கடை ஷட்டரில் தட்டினாள்.

உள்ளிருந்து பதில் தட்டு வந்தது.

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. "பயப்படாதீங்க, இதோ தூக்குறாங்க!"

மறுபடியும் தட்டல். இப்போது கொஞ்சம் அவசரமாக. தரையை ஒட்டி.

எதிரே செருப்புக் கடைக்குள்ளிருந்தும் தட்டினார்கள். அந்தக் கடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு போனதை அவள் கண்ணாலேயே பார்த்திருந்தாள். அடுத்து வாசனைக் கடை. அதற்கடுத்து கண்ணாடிக் கடை. பஜாரின் கடைசி வரை. உள்ளங்கைகளால். ஓயாமல்.

மோட்டார் உறுமியது.

அப்போதுதான் உள்ளே, வெகு உயரத்திலிருந்து, அவள் கணவனின் குரல் நடுங்கி வந்தது.

"அடியே... தூக்காத. தட்டுனது நான் இல்ல. நான் இன்னும் பரண் மேலதான் இருக்கேன்."

"நிறுத்துங்க!"

மேனேஜர் சுவிட்ச்சை அமுக்கினார். மீண்டும் அமுக்கினார். மோட்டார் நிற்கவில்லை.

ஷட்டர்கள் ஒரு சாண் ஏறின.

எல்லாக் கடைகளிலும். வாசலை ஒட்டி. நெருக்கியடித்துக்கொண்டு.

கருகிய கால்விரல்கள்.